எட்டாம் வாய்க்காலுக்கு ஒரு விசா

ஈப்போ, மலாயா
12-2-1959

அன்புள்ள அன்னபாக்கியத்துக்கு,

பிள்ளையார் துணையால் நான் இங்கு சுகமாயிருக்கிறேன். உமக்கும் மகள் விமலேஸ்வரிக்கும் கண்ட காய்ச்சல் முற்றாக விட்டதா என்பதை அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே குடிவரவுச் சட்டத்தை இறுக்கப் போகிறார்கள் என்று ரயில்வே கந்தோரில் ஒரே கதை. புருஷன் இங்கே, பெண்சாதி ஊரில் என்று ஐந்து வருடம் பிரிந்திருந்தால் அந்தப் பெண்சாதியை உள்ளே விடமாட்டார்களாம். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் அனுமதி இல்லையாம். நான் கடைசியாக லீவில் வந்து திரும்பியது ஐம்பத்து நான்காம் ஆண்டு. மகளுக்கு இப்போது ஒன்பது வயது. சட்டம் வருவதற்கு முன் நீங்கள் இருவரும் இங்கே வந்து இறங்கிவிட வேண்டும்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அடுத்த வருடம் கூப்பிடுகிறேன் என்று சொல்லியே காலம் போய்விட்டது. முதலில் குவாட்டர்ஸ் கிடைக்கவில்லை. பிறகு இங்கே கம்யூனிஸ்டுகளோடு காட்டுச் சண்டை. அதன் பிறகு உமது ஐயா வீரகத்தி மாமா வருத்தத்தில் படுத்தார். இப்போது அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கிளிநொச்சியில் அவர் வெட்டிய குடியேற்றக் காணியில் ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு நீர் தனிய இருக்க வேண்டிய தேவை இனி இல்லை. வயலைப் பக்கத்துக் காணிக்காரர் அப்புத்துரையிடம் குத்தகைக்குக் கொடுத்துவிடும். நல்ல மனிதர்.

உமது பாஸ்போட்டில் மகளையும் சேர்க்க வேண்டும். அதற்கு உங்கள் இருவரது பிறப்பு அத்தாட்சிகளும், எங்கள் விவாக அத்தாட்சியும், படமும் தேவை. அம்மைப்பால் குத்திய துண்டையும் மறக்க வேண்டாம். மனம் வைத்தால் ஒரு மாதத்து வேலை.

இவ்விடம் வேறு புதினம் இல்லை. மகளுக்கு என் முத்தங்கள்.

உமது
மயில்வாகனம்

*

எட்டாம் வாய்க்கால்,
உருத்திரபுரம், கிளிநொச்சி
30-3-1959

அன்புள்ள அத்தானுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. இருவரும் சுகம். உங்கள் நெஞ்சுச்சளி எப்படியென்று நீங்கள் எழுதவில்லை. பதில் பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம். அறுவடையும் சூடடிப்பும் முடியும்வரை பேனையைக் கையில் எடுக்க நேரம் கிடைக்கவில்லை. இந்தக் காலபோகம் ஐயா இருந்த காலத்திலும் பார்க்க விளைச்சல் நல்லது என்று அப்புத்துரை அண்ணையே சொன்னார்.

பிறப்பு அத்தாட்சிக்காக எங்கள் ஊர்த் தலைமைக்காரர் விதானையாரிடம் போனேன்.

"பிள்ளை, நீ பிறந்தது அளவெட்டியிலை. நான் இஞ்சத்தை விதானை. நீ பிறந்தனி எண்டு நான் என்னெண்டு எழுதித் தாறது?" என்றார்.

"நான் உங்களுக்கு முன்னாலை நிக்கிறன். அது காணாதோ?"

"நிக்கிறது காணாது. துண்டு வேணும்."

துண்டுக்காக அளவெட்டிக்குப் போனேன். பதிவுகாரர் புத்தகத்தைப் புரட்டி என் வரியைக் கண்டுபிடித்தார். தகப்பன் வீரகத்தி, தாயின் பெயர், பிறந்த திகதி எல்லாம் சரி. பிள்ளையின் பெயர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. பெயர் வைக்க முன்னரே ஐயா பதிந்துவிட்டாராம். இனிப் பெயர் சேர்ப்பதென்றால் தகப்பன் வந்து கையெழுத்து வைக்க வேண்டுமாம். அவர் செத்துப்போனார் என்றேன். அப்படியென்றால் அதற்கு ஒரு மரண அத்தாட்சி கொண்டுவா என்கிறார். அது கிளிநொச்சியில் எடுக்க வேண்டும். போன வழியே திரும்பி வந்தேன்.

விமலா ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்னம்

*

ஈப்போ
18-4-1959

அன்புள்ள அன்னபாக்கியத்துக்கு,

நான் சுகம். சளி விட்டுவிட்டது. நீங்கள் சுகமென்று அறிந்து ஆறுதல்.

முப்பத்தாறு வருடமாகப் பெயரில்லாமல் இருந்திருக்கிறீர் என்பதை இப்போதுதான் அறிகிறேன். சரி, மரண அத்தாட்சி எடுத்து, பெயரைச் சேர்த்து, கையோடு பாஸ்போட்டுக்கும் போடும். கெதியாகச் செய்யும்.

இங்கே நானும் சும்மா இருக்கவில்லை. உங்கள் இருவருக்குமான நுழைவுப் பேமிற்றுக்காகக் குடிவரவுக் கந்தோரில் அரை நாள் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் தன் பெண்சாதியின் படத்தைக் கொடுத்தார். காது தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உமது படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும். தலைமயிரை இழுத்துக் கட்டும்.

விவாக அத்தாட்சி பற்றி உமது கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அதைத்தான் இங்கே முதலில் கேட்கிறார்கள். மாமாவின் றங்குப்பெட்டிக்குள் இருக்கும். தேடி அனுப்பும்.

மயில்வாகனம்

*

உருத்திரபுரம்
2-6-1959

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மன் புண்ணியத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே வெக்கை அதிகமென்று பேப்பரில் கண்டேன். இளநீர் குடியுங்கள்.

ஐயாவின் றங்குப்பெட்டியில் விவாக அத்தாட்சி இல்லை. எப்படி இருக்கும்? எங்கள் கலியாணம் பதியவில்லையே. தாலி கட்டி அடுத்த கிழமையே உங்களுக்குக் கப்பல். பிறகு பதியலாம் என்று சொன்னவர் நீங்கள்தான். தாலியைக் காட்டினால் போதாதா என்று சட்டம் படித்த பிரக்கிராசியாரிடம் கேட்டேன். மலாயாக்காரனுக்குத் தாலி வாசிக்கத் தெரியாது என்கிறார். கலியாணம் செய்துவைத்த ஐயர் சத்தியக்கடதாசி கொடுத்தால் சரிவருமாம்.

ஐயர் இப்போது சுழிபுரத்தில் மகளோடு இருக்கிறார். அவரைத் தேடிப் போனேன். "எத்தினை கலியாணம் செய்து வைச்சிருப்பன், எல்லாத்தையும் நான் ஞாபகம் வைச்சிருக்கேலுமே?" என்றார். பந்தலில் மழைக்குக் கூரை சரிந்ததைச் சொன்ன பிறகுதான் முகம் மலர்ந்தது. "ஓ, மாப்பிளை மணவறையை விட்டுட்டு ஓடின கலியாணமெல்லோ!" என்றார். கையெழுத்து வைத்துவிட்டார். கடதாசி இத்துடன் இருக்கிறது. ஐயாவின் மரண அத்தாட்சியைக் காட்டி, என் பெயரும் அளவெட்டிப் பதிவுப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

இந்த அலைச்சலில் எனக்கு ஒரு தண்ணீர் முறை தவறிவிட்டது. சிறுபோகம் விதைத்து, முளை வந்து நிற்கிற நேரம். இரணைமடுக் குளத்திலிருந்து வருகிற தண்ணீரைக் கிரமமாகத் திறந்துவிடுகிறார்கள். நான் இல்லாத அன்று என் மதகைப் பூட்டி, தண்ணீரைக் கீழ்க்காணிக்கு விட்டுவிட்டார்கள். வாய்க்கால் ஓவசியரிடம் போனேன். ஆம்பிளை ஆரும் இல்லையோ என்று கேட்டார். "வயல் கேக்கிறது தண்ணியை. ஆம்பிளையை இல்லை" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்று பின்னேரமே தண்ணீர் வந்துவிட்டது. இப்போது பயிர் தப்பிவிட்டது. பச்சை பிடித்து வடிவாக நிற்கிறது. வரம்பை உயர்த்திக் கட்டியிருக்கிறேன். அடுத்த முறை தண்ணீர் வீணாகாது. ஆட்டெரு போடுவதா உரம் வாங்குவதா என்று யோசிக்கிறேன்.

பாஸ்போட்டுக்குப் போட்டாயிற்று. இரண்டு காதும் தெரிய.

அன்னம்

*

ஈப்போ
4-7-1959

அன்புள்ள அன்னபாக்கியத்துக்கு,

சுகம். நீங்களும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன்.

உமது கடிதம் மூன்று பக்கம். அதில் பாஸ்போட்டுக்கு ஒன்றரை வரி. மற்றதெல்லாம் தண்ணீர். விட்டுவிட்டு வரப்போகிற வயலுக்கு எதற்கு வரம்பு கட்டுகிறீர்? அப்புத்துரை கட்டட்டும். அவருக்குக் குத்தகை எழுதியாயிற்றா, இல்லையா? இரண்டாம் தரம் கேட்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று. ஐயரின் கடதாசியை ஏற்றுக்கொண்டு உங்கள் இருவருக்கும் பேமிற் தந்துவிட்டார்கள். பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறேன். குவாட்டர்ஸுக்கு வெள்ளை அடிப்பித்துவிட்டேன். குசினிக்குப் புதுப் புகைக்கூண்டு. மகளுக்கு ஒரு மேசையும் கதிரையும் செய்யக் கொடுத்திருக்கிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான்.

இனி உமது பாஸ்போட் ஒன்றுதான் மிச்சம்.

மயில்வாகனம்

*

ஈப்போ
5-9-1959

அன்னபாக்கியத்துக்கு,

சுகமா, வருத்தமா, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதமாக உம்மிடமிருந்து ஒரு துண்டும் இல்லை. தந்தி அடித்தேன். "சுகம்" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் எந்தக் கந்தோரில் போய் நிற்கிறது?

சட்டம் வருவது நிச்சயமாகிவிட்டது. வருகிற டிசம்பரிலிருந்து கதவு பூட்டு. பேமிற் கையில் இருந்தாலும் அதற்கு முன் இறங்கியாக வேண்டும். நவம்பர் நடுப்பகுதியில் கொழும்பிலிருந்து பினாங்குக்குக் கப்பல் இருக்கிறது. கொழும்பில் கப்பல் கம்பனியில் வேலை பார்க்கிற என் ஒன்றுவிட்ட தம்பி செல்வநாயகம் இரண்டு இடம் பிடித்து வைத்திருக்கிறான்.

பாஸ்போட் எங்கே?

மயில்வாகனம்

*

உருத்திரபுரம்
4-10-1959

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களைக் கவலைப்பட வைத்துவிட்டேன். விமலாவுக்குக் கண்வருத்தம் வந்து மாறிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை.

பாஸ்போட் ஆவணி மாதமே வந்துவிட்டது. ஆனால் அதில் உங்கள் பெயர் நீங்கள் அனுப்பிய பேமிற்றில் இருக்கிற மாதிரி இல்லை. பேமிற்றில் இங்கிலீசு எம் எழுத்துக்குப் பிறகு வை எழுத்துப் போட்டிருக்கிறது. பாஸ்போட்டில் அந்த இடத்தில் ஏயும் ஐயும். விமலாவின் பிறப்பு அத்தாட்சியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். துறைமுகத்தில் யாராவது இந்த மயில்வாகனம் வேறு, அந்த மயில்வாகனம் வேறு என்று சொன்னால் பிள்ளையோடு நடுவழியில் நிற்க வேண்டி வருமே. அதனால் திருத்தித் தரச் சொல்லிக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். பிரதம மந்திரியைச் சுட்டதோடு அங்கே ஒரு கந்தோரிலும் வேலை நடக்கவில்லையாம். எப்போது வரும் என்று தெரியாது.

சிறுபோக அறுவடை முடிந்தது. மாரிக்கு முன் உழவேண்டும்.

அன்னம்

*

ஈப்போ
9-11-1959

அன்னபாக்கியத்துக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. குறை நினைக்க வேண்டாம்.

உமது பாஸ்போட்டைத் தேடிச் செல்வநாயகத்தைக் கந்தோருக்கு அனுப்பினேன். அவன் எழுதியிருக்கிறான். அங்கிருந்தவர் அவனிடம் சொன்னாராம்: "வையோ ஐயோ, ஆள் ஒண்டுதான் எண்டு கடிதம் தரலாம், இதோடையே போகலாம் எண்டு அந்த அம்மாவுக்கு அப்பவே எழுதினனாங்கள். அவா கேக்கேல்லை. திருத்தித்தான் வேணும் எண்டு நிண்டவா."

நான் இருபத்தைந்து வருடமாகக் கிளாக்கர் வேலை பார்க்கிறவன். ஒரு காகிதம் தானாகப் பிந்துவதும் பிந்த வைப்பதும் எனக்கு வேறுபிரிக்கத் தெரியும். கப்பல் அடுத்த கிழமை வெளிக்கிடுகிறது. நீங்கள் இல்லாமல்தான் போகப் போகிறது. இத்தனை மாதம் வரிசையில் நின்றேன். வெள்ளை அடித்தேன். மேசை செய்வித்தேன். உமக்கு வர விருப்பமில்லை என்றால் அதை ஒரு வரியில் எழுதியிருக்கலாமே! இங்கே வேறு யாரும் இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னார்களா? அப்படி ஒன்றும் இல்லை. மகள் மேல் ஆணை.

இனியாவது உண்மையைச் சொல்லும்.

மயில்வாகனம்

*

உருத்திரபுரம்
25-11-1959

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். மகள் மேல் ஆணையிட வேண்டாம்.

செல்வநாயகம் எழுதியது சரி. பெயரில்லாத அத்தாட்சியும் ஐயரும் என் குற்றமில்லை. அவற்றுக்கு நான் உண்மையாகத்தான் அலைந்தேன். பாஸ்போட்டைத் திருப்பி அனுப்பியது மட்டும் என் வேலை.

ஐயா போன பிறகு காணியை என் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி குடியேற்றக் காணிகளைப் பார்க்கிற டி.ஆர்.ஓ. கந்தோரில் எழுதிப் போட்டிருந்தேன். கிடைக்காது என்று நினைத்து உங்களுக்குச் சொல்லவில்லை. பாஸ்போட் வந்த கிழமைதான் அந்தக் காணிப் பேமிற்றும் வந்தது. இரண்டையும் குசினிக்குள் வைத்துக்கொண்டு விமலாவை வாசிக்கச் சொன்னேன். பாஸ்போட்டில் தொழில் என்ற இடத்தில் இல்லை என்று இருந்தது. காணிப் பேமிற்றில் கமம் என்று இருந்தது. இரண்டும் நான்தான். எனக்கு இரண்டாவதை விட மனம் வரவில்லை.

காணிப் பேமிற்காரர் அந்தக் காணியில் குடியிருந்து தானே உழுது விதைத்துக் கமம் செய்யவேண்டும். குத்தகைக்குக் கொடுத்தாலோ விட்டுப் போனாலோ அரசாங்கம் எடுத்துவிடும். அப்புத்துரை அண்ணையைப் பற்றி நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பதில் எழுதாதது அதனால்தான்.

பதினொரு வருடம் நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று இருந்தேன், அத்தான். முதல் வருடங்களில் கூப்பிட்டிருந்தால் சட்டை மாற்றாமல் ஓடி வந்திருப்பேன். இருந்த காலத்தில் நான் சும்மா இருக்கவில்லை. உழவு பிடிக்கப் பழகினேன். தண்ணீருக்குச் சண்டை போடப் பழகினேன். இப்போது எங்கள் வாய்க்காலில் முறை பிரிக்கிற நாளில் என்னையும் கூப்பிடுகிறார்கள். இதை விட்டுவிட்டு வந்தால், நீங்கள் வேலைக்குப் போன பிறகு அந்த வெள்ளை அடித்த வீட்டில் நான் யார்?

உங்களை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொழும்புக்கு வருகிற கப்பல்களும் இருக்கின்றனவே. நீங்கள் வாருங்கள்.

மழை பிடித்துவிட்டது. விமலா சுகம்.

அன்னம்

*

ஈப்போ
6-3-1960

அன்புள்ள அன்னத்துக்கு,

நான் சுகமாயில்லை. பாரதூரமான வருத்தம் ஒன்றுமில்லை. நித்திரை வருவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் எப்படி?

உமது கடிதத்தை வாசித்த ஆத்திரத்தில் மேசை லாச்சிக்குள் எறிந்துவிட்டேன். பொங்கலுக்கும் எழுதவில்லை. சட்டம் வந்துவிட்டது. இனி நீர் விரும்பினாலும் வர முடியாது. அந்த எண்ணம் முதலில் எனக்கு ஒரு திருப்தியாகக்கூட இருந்தது. பிறகு ஒருநாள் மகளுக்குச் செய்த கதிரையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தூக்கினேன். வாசல்வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். அடுத்த நாள் முன்கூட்டியே பென்சன் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, கோலாலம்பூரில் இருக்கிற இலங்கைக் கந்தோருக்குப் போனேன்.

ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்றேன். அங்கிருந்த இளம் பிள்ளை என் பாஸ்போட்டை விரித்துப் பார்த்தான்.

"ஐயா, நீங்கள் எந்த நாட்டவர்?"

"இதென்ன கேள்வி தம்பி? அளவெட்டி."

"இதிலை அப்பிடி இல்லையே. நீங்கள் இலங்கைக்கு அந்நியர்."

உமக்கு நானும் ஒன்று சொல்லவில்லை. ஐம்பத்தெட்டில் இங்கே பிரஜையாகச் சத்தியம் பண்ணிவிட்டேன். பதவி உயர்வு பிரஜைகளுக்குத்தான் என்றார்கள். உங்களைக் கூப்பிடுவதும் இலகு என்று நினைத்தேன். இந்த நாட்டுப் பிரஜையானால் அந்த நாட்டுப் பிரஜை இல்லை என்பது அன்றைக்கே தெரியும். ஆனாலும் என் ஊருக்கு நான் போக என்னிடம் யார் துண்டு கேட்பான் என்று இருந்துவிட்டேன்.

இப்போது எனக்கு வதிவிட விசா வேண்டுமாம். அதற்கு நான் இங்கிருந்து விண்ணப்பிப்பது போதாது. இலங்கைப் பிரஜையான பெண்சாதி அங்கே விண்ணப்பித்து, எனக்கு இருக்க வீடு உண்டு, என்னைப் பராமரிக்க வருமானம் உண்டு என்று உறுதி கொடுக்க வேண்டுமாம். ஐம்பத்தொரு வயதில் எனக்கு இது.

எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. சேற்றில் கால் வைத்ததில்லை. நீர் வரச் சொல்லி எழுதியது உண்மையாகவா, என் வாயை அடைக்கவா என்றும் தெரியாது. உண்மையென்றால் இத்துடன் வைத்திருக்கிற பத்திரங்களை நிரப்பி, யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் கொடும். இல்லையென்றால் கிழித்துவிடும். நான் கேட்க மாட்டேன்.

மயில்வாகனம்

*

உருத்திரபுரம்
11-5-1960

அன்புள்ள அத்தானுக்கு,

நித்திரை வராவிட்டால் படுக்கப்போக முன் சுடச்சுடப் பால் குடியுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொண்டேன்.

பிரஜையானதை ஒரு வரி எழுதியிருக்கலாம். நானும் காணியை ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் இத்தனை கந்தோர்க் கதிரைகளில் இருவரும் குந்தியிருக்கத் தேவையில்லை. நினைக்க எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று பிரித்தெடுக்கத்தான் முடியவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே விதானையாரிடம் போய் வீட்டுக்கு அத்தாட்சி எடுத்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் நெல் கொடுத்த துண்டுகளையும் கட்டிக்கொண்டேன். ஐயரிடம் இன்னொரு சத்தியக்கடதாசி வாங்கினேன். இந்த முறை மழைக்கதை சொல்லத் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் ஒரே தரத்தில் கச்சேரியில் கொடுத்தேன். போன கிழமை விசாரணைக்கு விமலாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

உத்தியோகத்தர் வயதானவர். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார்.

"உங்கடை தொழில்?"

"கமம்."

"வாறவரை ஆர் பராமரிக்கிறது?"

"நான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காணிப் பேமிற்றையும் நெல்லுத் துண்டுகளையும் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

"அவருக்குக் கமம் தெரியுமோ?"

"தெரியாது. அப்பிடி ஒரு கேள்வி பத்திரத்திலை இருக்கோ?"

இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு விமலாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக்கு அப்பாவைத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்பிடி இருப்பார்?"

விமலா மேசையில் கிடந்த பத்திரத்தில் ஒட்டியிருந்த உங்கள் படத்தைக் காட்டி, "அதிலை இருக்கிற மாதிரி" என்றாள். அவர் சிரித்துக்கொண்டு பத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"இப்ப பாக்காமல் சொல்லு. அவரைப் பற்றி உனக்கு வேறை என்ன தெரியும்?"

பிழையாக ஏதாவது சொல்லிவிட்டால் எல்லாம் போய்விடுமே என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டு சொன்னாள்:

"அவருக்குக் கோவம் வந்தால் எழுத்துப் பெரிசாப் போகும். எனக்கு எண்டு எழுதேக்கை சின்னதாய்ப் போகும்."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

விசா ஒரு வருடத்துக்குத்தான். முடிய முன் நாங்கள் மூன்று பேரும் அவர் முன்னால் போய் நிற்க வேண்டுமாம். அவர் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்பார். அப்போது இவளுக்குச் சொல்ல வேறு ஏதாவது இருக்க வேண்டும்.

முதல் கப்பலில் வாருங்கள். கதிரையையும் கொண்டுவாருங்கள்.

அன்னம்